காட்டோரம் ஒரு திட்டம்: எந்த அனுமதி, யாரிடம், எந்த வரிசையில்?

பட்டா கையில் இருக்கிறது. தீர்வை கட்டியாகிவிட்டது. ஊராட்சியில் வரைபடத்துக்குக் கையெழுத்தும் கிடைத்துவிட்டது. அடித்தளம் தோண்டிய பிறகு வனச்சரகர் வந்து வேலையை நிறுத்தச் சொல்கிறார். நீலகிரியிலும் ஈரோட்டிலும் தேனியிலும் தென்காசியிலும் காட்டை ஒட்டிய கிராமங்களில் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்துவிட்டேன். கடன் வாங்கிய பணம் குழிக்குள் கிடக்க, "எல்லாச் சான்றும் வாங்கிவிட்டேனே" என்பார் நிலத்துக்காரர். அவர் சொல்வது பொய்யில்லை. வாங்கிய வரிசைதான் தலைகீழ். முதலில் கேட்க வேண்டியவரைக் கடைசியில் கேட்டிருப்பார், அல்லது கேட்காமலே விட்டிருப்பார்.

ஊராட்சிக்குச் சாலை போட நினைக்கும் தலைவர், தோட்டத்தில் நாலு அறை கட்டி விருந்தினரைத் தங்கவைக்க நினைக்கும் விவசாயி, குவாரிக் குத்தகைக்கு மனுப் போடுபவர், பெரிய நிறுவனத்தின் திட்ட மேலாளர் ஆகிய எல்லோருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். தங்கள் ஊருக்குப் பக்கத்தில் வரும் திட்டம் முறைப்படிதான் வருகிறதா என்று கேட்க விரும்பும் ஊர்மக்களுக்கும் பயன்படும். சட்டங்கள் பெரும்பாலும் நாடு முழுவதற்கும் பொது. எடுத்துக்காட்டுகளை மட்டும் எனக்குத் தெரிந்த தமிழ்நாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: நிலம் எங்கே நிற்கிறது?

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். இதற்கே அதிக நேரம் கொடுங்கள்.

பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம், வில்லங்கச் சான்று ஐந்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு என்னவென்று பாருங்கள். பிறகு உரிமம் பெற்ற நில அளவரை அழைத்து, நிலத்தின் ஒவ்வொரு மூலைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எடுங்கள். கைப்பேசியில் எடுக்கும் அளவு பல மீட்டர் தள்ளிப்போகலாம். எல்லைத் தகராறில் அந்தச் சில மீட்டரே வழக்கைத் தீர்மானிக்கும். இந்தப் புள்ளிகளை வைத்துத்தான் பின்னால் இணையவழி விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டிய வரைபடக் கோப்பு தயாராகும்.

இப்போது அந்தப் புள்ளிகளை எடுத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்துக்குப் போங்கள். புலிகள் காப்பகம் என்றால் துணை இயக்குநர் அலுவலகம். எழுத்து மூலமாகச் சில கேள்விகள் கேளுங்கள். இந்த நிலம் தேசியப் பூங்காவுக்கோ சரணாலயத்துக்கோ உள்ளே இருக்கிறதா? புலிகள் காப்பகத்தின் வெளிமண்டலத்தில் வருகிறதா? சரணாலயத்தைச் சுற்றிக் கட்டுப்பாட்டு வளையமாக அறிவிக்கப்பட்ட சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் வருகிறதா? மிக அருகில் உள்ள சரணாலய எல்லையிலிருந்து எத்தனை மீட்டர்? காப்புக்காட்டு எல்லையிலிருந்து எத்தனை மீட்டர்? யானை வழித்தடம் ஏதாவது குறுக்கே போகிறதா? வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். அலுவலர் மாறுவார், கோப்பில் இருக்கும் கடிதம் மாறாது.

"காட்டு எல்லை அந்தக் கரட்டுக்கு அப்பால்தான்" என்று தரகர் கைகாட்டுவதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். சரணாலயம் என்றால் பறவைகள் இறங்கும் அந்த ஏரிதான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். ஆனால் 1998-இல் வந்த அறிவிக்கை ஏரியோடு அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்தையும் சேர்த்தே சரணாலயம் என்கிறது. ஊர்களும் வயல்களும் பட்டா நிலங்களும் அதற்குள் இருக்கின்றன. ஆகவே ஏரிக்கரையிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி நிலம் வாங்கியவர் சரணாலயத்துக்கு அருகில் இல்லை, சரணாலயத்துக்கு உள்ளேயே இருக்கிறார். அவருக்குப் பொருந்தும் விதிகளே வேறு.

பழைய வரைபடத்தையும் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் எல்லைகள் அண்மையில்தான் வேகமாக மாறியிருக்கின்றன. திருவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் புலிகள் காப்பகமானது. 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயமும், அதே ஆண்டு காவிரி தெற்கு சரணாலயமும் வந்தன. 2024-இல் ஈரோடு மாவட்டத்தில் தந்தை பெரியார் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு முன் வாங்கிய தடையின்மைச் சான்றை நீட்டி "அப்போதே சரி என்றார்கள்" என்று வாதாடுவதில் பயனில்லை.

மாநில எல்லையும் உங்களைக் காப்பாற்றாது. தேனி மாவட்டத்தில் இருக்கும் நிலத்துக்கு மிக அருகில் உள்ள தேசியப் பூங்கா கேரளத்தின் மதிகெட்டான் சோலையாக இருக்கலாம். தூரத்தை அங்கிருந்தும் அளக்க வேண்டும்.

கூடலூர் பக்கம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்கீழ் வரும் நிலமா? தலைமுறைகளாகக் குடும்பங்கள் அனுபவித்து வந்தாலும் அந்த நிலங்களின் உரிமை இழுபறியாகவே கிடக்கிறது. நாட்டின் வனச் சட்டத்தையே புரட்டிப்போட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு 1995-இல் தொடங்கியதும் இந்தக் கூடலூர்க் காடுகளை வைத்துத்தான். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது. அரசுப் பதிவேட்டில் காடு என்று எழுதியிருந்தால் மட்டுமன்றி, அகராதிப் பொருளில் காடாக இருந்தாலும், யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அது காடுதான்.

காகிதத்தோடு நின்றுவிடாமல் நிலத்தில் நடந்தும் பாருங்கள். நீலகிரியின் சீகூர் பீடபூமியில் ஒருமுறை, நிலம் வாங்க வந்த ஒருவரோடு நான்கு மூலைகளையும் அளக்கப் போயிருந்தேன். மேற்கு மூலையில் எல்லைக்கல் இல்லை. கல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்ற மரத்தில், ஆள் உயரத்துக்கு மேல் சேறு அப்பிக் காய்ந்து வெடித்திருந்தது. பட்டை வழவழவென்று தேய்ந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக யானைகள் முதுகு தேய்த்த மரம் அது. பத்தடி தள்ளி, உண்ணிச்செடிப் புதருக்கு நடுவே மாட்டுவண்டிப் பாதை அகலத்துக்கு ஒரு தடம். தடத்தில் கிடந்த யானை லத்தி இன்னும் ஈரமாக இருந்தது. எங்களோடு வந்த இருளர் பெரியவர், "கோடையில் ஆற்றுக்கு இறங்கும், மழை விழுந்ததும் இதே வழியாக ஏறும்" என்றார். புலப்படத்தில் அந்தத் தடத்துக்கு ஒரு கோடுகூட இல்லை. ஆனால் யானை வழித்தடத்துக்காக 2010 ஆகஸ்டில் அரசு வெளியிட்ட அறிவிக்கையின் வரைபடத்துக்குள் அந்த நிலம் வந்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இது தெரிந்ததால் அவர் பணத்தோடு திரும்பினார்.

அந்த அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் ஏற்றது. 2020 அக்டோபர் 14-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தனிப்பட்ட ஆட்சேபணைகளை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. பல ஆண்டுகளாக நடந்து வந்த விடுதிகள் அந்த வழக்கில் பூட்டி முத்திரையிடப்பட்டன. பட்டா இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது என்பவை அங்கே போதுமான பதில்களாக இருக்கவில்லை.

இரண்டாம் படி: எந்த வளையத்துக்குள் வருகிறீர்கள்?

வனத்துறையிடமிருந்து பதில் வந்துவிட்டால், உங்கள் நிலம் எந்த வளையத்தில் இருக்கிறது என்பது தெளிவாகிவிடும். உள்ளிருந்து வெளியே வருவோம்.

சரணாலயத்துக்கு உள்ளே என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு பேசும். தேசியப் பூங்காவுக்குள் என்றால் 35-ஆவது பிரிவின் 6-ஆவது உட்பிரிவு. வாழிடத்தைச் சிதைக்கும், மாற்றும், நீரோட்டத்தைத் திருப்பும் எந்தச் செயலும் வன உயிரினங்களின் நன்மைக்கும் அந்த இடத்தின் மேம்பட்ட பராமரிப்புக்கும் தேவை என்று காட்டினால்தான் அனுமதி. ஊருக்கு நல்லது, தொழிலுக்கு நல்லது என்பவை அங்கே வாதமே ஆகாது. சரணாலயத்துக்குள் வணிகச் சுற்றுலா விடுதி கட்ட தேசிய வன உயிரின வாரியத்தின் முன் அனுமதி வேண்டும் என்று 33-ஆவது பிரிவு சொல்கிறது. என் கருத்தைக் கேட்டால், உள்ளே விடுதி கட்டும் எண்ணத்தையே கைவிட்டுவிடுங்கள் என்பேன்.

புலிகள் காப்பகமோ, இரண்டு காப்பகங்களை இணைக்கும் நிலமோ என்றால் கூடுதலாக 38-ஓ பிரிவு. பொது நலன் காரணமாகத்தான், அதுவும் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையோடும் தேசிய வாரியத்தின் ஒப்புதலோடும்தான், அந்த நிலத்தைச் சூழலுக்கு ஒவ்வாத பயன்பாட்டுக்குத் திருப்ப முடியும். காப்பகங்களை இணைக்கும் நிலம் பெரும்பாலும் சாதாரணத் தேயிலைத் தோட்டமாகவோ வருவாய்த்துறைத் தரிசாகவோ இருக்கும். பார்த்தால் காடு என்றே தெரியாது.

அடுத்தது சூழல் உணர்திறன் மண்டலம். ஒவ்வொரு சரணாலயத்துக்கும் மத்திய அரசு 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தனித்தனி அறிவிக்கை வெளியிடுகிறது. முதலில் வரைவு வரும். ஆட்சேபணை சொல்ல 60 நாள் உண்டு. பிறகு இறுதி அறிவிக்கை. அதில் கிராமப் பட்டியலும் எல்லைப் புள்ளிகளும் இருக்கும். தடை செய்யப்பட்டவை, ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை, அனுமதிக்கப்பட்டவை என்று செயல்களைப் பிரித்த அட்டவணையும் இருக்கும். அந்த அட்டவணையை வரிக்கு வரி படியுங்கள். வணிகச் சுரங்கம், கல் குவாரி, கிரஷர், மாசு உண்டாக்கும் புதிய ஆலை, புதிய மர அறுப்பு ஆலை எல்லாம் பொதுவாகத் தடைப் பட்டியலில் இருக்கும். சரணாலய எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ, மண்டலத்தின் விளிம்பு வரையிலோ, எது அருகில் உள்ளதோ அது வரை, புதிய விடுதி கட்டக் கூடாது என்பது வழக்கமான வாசகம். ஆனால் உள்ளூர் மக்கள் தங்கள் நிலத்தில் தங்கள் குடியிருப்புக்காக வீடு கட்டுவதற்கு இதே அட்டவணை இடம் தருகிறது. விவசாயம், மழைநீர்ச் சேகரிப்பு, குடிசைத் தொழில் எல்லாம் அனுமதிப் பட்டியலில் இருக்கும். "மண்டலம் வந்தால் வீடுகூடக் கட்ட முடியாது" என்று ஊர் ஊராகப் பரப்பப்படும் அச்சத்துக்கு அறிவிக்கையில் ஆதாரமில்லை.

இறுதி அறிவிக்கையே வரவில்லையென்றால் 10 கிலோமீட்டர் என்பதே அளவு. 2002-இல் வகுக்கப்பட்ட வன உயிரினப் பாதுகாப்பு உத்தியிலிருந்து வந்த தூரம் அது. அந்தத் தூரத்துக்குள் வரும் திட்டங்களைத் தேசிய வாரியத்தின் நிலைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று கோவா பவுண்டேஷன் வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019 ஆகஸ்ட் 8-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை இதைத் தெளிவாக்கியது. சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டம், அறிவிக்கப்பட்ட மண்டலத்துக்குள் வந்தால் நிலைக்குழுவின் அனுமதி வேண்டும். மண்டலம் இன்னும் அறிவிக்கப்படாத இடத்தில் 10 கிலோமீட்டருக்குள் வந்தாலும் வேண்டும். மண்டலம் அறிவிக்கப்பட்டு, திட்டம் அதற்கு வெளியே இருந்தால் வேண்டியதில்லை.

"எல்லா இடத்திலும் 1 கிலோமீட்டர்" என்று 2022 ஜூன் 3-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் பலர் நினைவில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு 2023 ஏப்ரல் 26-இல் மாற்றப்பட்டுவிட்டது. ஒவ்வொரு இடத்துக்கும் அதனதன் அறிவிக்கையே செல்லும். மாறாமல் நிற்பது சுரங்கத் தடை. தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றின் உள்ளேயும், எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது. குவாரிக்கு நிலம் தேடுபவர்கள் இதை முதலில் அளந்து பார்த்துவிட்டு மற்றதைப் பேசட்டும்.

மூன்றாம் படி: "சின்னத் திட்டம்தானே" என்ற பொறி

அதிகம் பேர் விழும் குழி இதுதான். 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் முன் அனுமதி தேவையில்லை என்பது உண்மை. அதனால் எந்த அனுமதியுமே தேவையில்லை என்பது பொய். பத்து அறை கொண்ட விடுதி அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. ஆனால் சூழல் உணர்திறன் மண்டல அறிவிக்கை அளவு பார்ப்பதில்லை. பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் கண்காணிப்புக் குழுவின் முன் அந்த விடுதி போயே ஆக வேண்டும்.

மலைப்பகுதி என்றால் 'ஹாகா' என்று எல்லோரும் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமமும் உண்டு. 1990-இல் தமிழக அரசு அமைத்தது. பட்டியலில் உள்ள கிராமங்களில் மனைப்பிரிவோ கட்டடமோ வந்தால், நகர் ஊரமைப்புத் துறை வழியாக வனம், வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கம் போன்ற துறைகளின் கருத்து கேட்கப்படும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் தனி. சொந்த நிலத்தில் நிற்கும் சொந்த மரமானாலும் அனுமதியின்றி வெட்டக் கூடாது.

குவாரிக்காரர்கள் "5 ஹெக்டேருக்குள்தான்" என்று சொல்லித் தப்பித்த காலம் 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் தீபக் குமார் வழக்குத் தீர்ப்போடு முடிந்துவிட்டது. சிறு கனிமம், சிறு பரப்பு எதுவானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும்.

இன்னொரு சறுக்கல், பாதை. கட்டடம் பட்டா நிலத்தில்தான் இருக்கும். அதற்குப் போகும் 200 மீட்டர் வழியோ, மின்கம்பிகளோ, தண்ணீர்க் குழாயோ காப்புக்காட்டுக்குள் போகும். அந்த 200 மீட்டருக்கு 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் தேவை. 2023 திருத்தத்தில் அந்தச் சட்டத்துக்கு இந்தியில் நீளமான பெயர் வைத்துவிட்டார்கள். அலுவலகக் கடிதங்களில் புதிய பெயரைப் பார்த்து வேறு சட்டம் என்று குழம்ப வேண்டாம்.

நான்காம் படி: காட்டுக்குள் வாழும் மக்களின் ஊர் வேலை

பழங்குடிக் குடியிருப்புக்கு அங்கன்வாடியோ குடிநீர்த் தொட்டியோ கட்டப் போனால், "வன நிலம், டெல்லிக்குப் போக வேண்டும்" என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் குழந்தைகள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, 2-ஆவது உட்பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் உட்பட 13 வகை வசதிகள் அதில் பட்டியலாக உள்ளன. ஒவ்வொன்றும் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவை இருந்தால் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீண்ட வழி தேவையில்லை. மாவட்ட வன அலுவலர் நிலையிலேயே முடிவெடுக்கலாம். கிராம சபைத் தீர்மானத்தில் இடத்தின் அளவையும் மரங்களின் எண்ணிக்கையையும் தெளிவாக எழுதி, கூடியவர்களின் கையெழுத்தோடு கொடுங்கள். எண்கள் இல்லாத தீர்மானம் கேள்வியோடு திரும்பிவிடும்.

சரணாலயத்துக்குள் இருக்கும் குடியிருப்பானால், மனுவின் ஒரு நகலை வன உயிரினக் காப்பாளருக்கும் அப்போதே கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: விண்ணப்பம் போகும் வழி

சுற்றுச்சூழல் அனுமதி, வன நில அனுமதி, வன உயிரின அனுமதி ஆகிய மூன்றும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மூன்றுக்கும் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். மூன்று விண்ணப்பத்திலும் பரப்பளவு, புல எண்கள், வரைபடம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 4.2 ஹெக்டேர், இன்னொன்றில் 4.5 ஹெக்டேர் என்று இருந்தால், அந்த வேறுபாட்டை விளக்குவதிலேயே மாதங்கள் போய்விடும்.

வன உயிரின விண்ணப்பத்தில் நீங்கள் நிரப்புவது முதல் பகுதி மட்டும். திட்டம் என்ன, ஏன் இந்த இடம், வேறு எந்த இடங்களைப் பார்த்தீர்கள், அவை ஏன் ஒத்துவரவில்லை என்று சொல்ல வேண்டும். பெரும்பாலோர் மாற்று இடம் பற்றிய கேள்விக்கு ஒரே வரியில் "வேறு இடம் இல்லை" என்று எழுதுகிறார்கள். கோப்பைப் பார்க்கும் அலுவலர் முதலில் சந்தேகப்படுவது அந்த வரியைத்தான். குறைந்தது இரண்டு மாற்று வழிகளை வரைபடத்தோடு காட்டி, காரணத்தை எண்களோடு எழுதுங்கள்.

அதன்பின் மாவட்ட அளவிலான வன அலுவலர் இடத்தைப் பார்த்து, அங்கே என்ன உயிரினங்கள் உள்ளன, என்ன பாதிப்பு வரும் என்று எழுதுவார். கோப்பு வனப் பாதுகாவலரிடம் ஏறி, தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் போகும். பிறகு முதலமைச்சர் தலைமையிலான மாநில வன உயிரின வாரியம். மாநில அரசின் பரிந்துரையோடு டெல்லிக்குப் போகும். தேசிய வாரியத்தின் தலைவர் பிரதமர்தான் என்றாலும், திட்டங்களைப் பரிசீலிப்பது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் தலைமையிலான நிலைக்குழு. ஐயம் இருந்தால் நிலைக்குழு இடத்தைப் பார்க்க ஆள் அனுப்பும். கூட்டக் குறிப்புகள் இணையத்தில் வெளியாகும். உங்கள் திட்டத்தைப் போன்ற மற்றத் திட்டங்களுக்கு என்ன நிபந்தனை போட்டார்கள் என்று அந்தக் குறிப்புகளில் தேடிப் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள். இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

சுற்றுச்சூழல் அனுமதியில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரணமாக மாநில ஆணையம் பார்க்கும் 'பி' வகைத் திட்டங்களில் பல, சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றின் எல்லையிலிருந்தோ மாநில எல்லையிலிருந்தோ 5 கிலோமீட்டருக்குள் வந்தால் மத்திய அரசின் பரிசீலனைக்குப் போய்விடும். முதலில் 10 கிலோமீட்டராக இருந்த இந்தத் தூரம் 2014-இல் 5 ஆனது. பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்போடு நடத்தும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அந்த 30 நாளில் அறிக்கையைப் படித்துவிட்டுப் போகும் ஒரே ஒரு ஊர்க்காரர், கூட்டத்தின் போக்கையே மாற்றிவிடுவார். அறிக்கையில் விலங்குகளின் பட்டியலைப் பாருங்கள். எந்த மாதங்களில் கணக்கெடுத்தார்கள் என்று பாருங்கள். யானைகள் இடம்பெயராத மாதத்தில் கணக்கெடுத்துவிட்டு "யானை நடமாட்டம் இல்லை" என்று எழுதியிருந்தால், எழுந்து நின்று அதைச் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். குறிப்பில் பதிவான ஆட்சேபணைக்குத் திட்டக்காரர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வரிசை தவறினால் என்ன ஆகும்?

நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய மலைக்கடியில் அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகத்தின் கதையைப் பாருங்கள். முதலில் தேர்ந்தெடுத்த இடம் நீலகிரியில் சிங்காரா. முதுமலையை ஒட்டிய, யானைகள் நடமாடும் பகுதி என்பதால் 2009 நவம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மறுத்தார். திட்டம் தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே போடி மேற்கு மலைக்கு வந்தது. 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்காவும் கேரள எல்லையும் 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைக் காட்டி வழக்கு நடந்தது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு புதிதாக அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதை ரத்து செய்ய மறுத்தாலும், தேசிய வன உயிரின வாரியத்தின் அனுமதி பெறாமல் வேலை தொடங்கக் கூடாது என்றது. 2022 பிப்ரவரியில், மதிகெட்டான்–பெரியாறு புலி வழித்தடத்தைக் காரணம் காட்டித் திட்டத்தை ஏற்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

நாட்டின் முன்னணி அறிவியல் நிறுவனங்கள் நடத்திய திட்டம் இது. பணமும் ஆளும் அவர்களுக்குக் குறைவில்லை. தேசியப் பூங்காவின் தூரமும் புலி வழித்தடமும் முதல் நாளே மேசையில் வைக்கப்பட வேண்டிய கேள்விகள். அவை நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பின் வாயிலிருந்து வந்தன. அதைச் சரிசெய்வதிலேயே பத்தாண்டுகள் போயின.

ஆறாம் படி: நிபந்தனைகளை முன்கூட்டியே திட்டத்தில் சேருங்கள்

அனுமதி வந்தால் நிபந்தனையோடுதான் வரும். இரவு வேலை கூடாது, வெளிச்சம் காட்டுப்பக்கம் விழக் கூடாது, தொழிலாளர் முகாம் காட்டுக்கு வெளியே, சமையலுக்கு எரிவாயு தர வேண்டும், விலங்குகள் கடக்க வழி விட வேண்டும் என்று நீளும். இவற்றைக் கடைசியில் ஒட்டுப்போடுவதைவிட, முதல் வரைபடத்திலேயே வையுங்கள். பெஞ்ச் புலிகள் காப்பகம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் விலங்குகள் அடியில் கடக்க 9 அமைப்புகள் கட்டினார்கள். அதில் நீளமானது 750 மீட்டர். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு வந்தவை அவை. இன்று புலிகள் அதன்கீழ் நடந்து போவது கேமராவில் பதிவாகிறது. நம் மதுக்கரை–வாளையாறு ரயில் பாதையிலோ, 2021 நவம்பரில் ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டுச் செத்த பிறகுதான் சுரங்கப்பாதைகளும், யானை வருவதைக் கேமரா மூலம் முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடும் வேகம் பிடித்தன. அந்த மூன்றையும் நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

செலவுக் கணக்கிலும் இதைச் சேருங்கள். வன நிலத்தை எடுத்தால் மாற்றுக் காடு வளர்ப்புக்கும் காட்டின் நிகர மதிப்புக்கும் (அந்தக் காடு தந்திருக்கும் பயன்களின் பண மதிப்பு) பணம் கட்ட வேண்டும். சரணாலய நிலமானால் அந்த மதிப்பில் 5 மடங்கு, தேசியப் பூங்காவானால் 10 மடங்கு என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. வன நில அனுமதி இரண்டு கட்டமாக வரும். கொள்கையளவிலான முதல் கட்டக் கடிதம் வந்ததுமே பொக்லைனை இறக்குபவர்கள் உண்டு. அது அனுமதியன்று. பொதுவாக, பணம் கட்டி, நிபந்தனைகளை நிறைவேற்றி, இறுதி ஒப்புதல் வந்தபிறகுதான் மண்ணைத் தொடலாம்.

ஏழாம் படி: அனுமதிக்குப் பிறகு

சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கை தர வேண்டும். இதைக் கேட்டுப் பெறும் உரிமை ஊர்மக்களுக்கும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டால் போதும். அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக நேரில் போய்ப் பாருங்கள்.

அனுமதியை எதிர்த்துப் போக நினைப்பவர்கள் நாளை எண்ண வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதியையோ வன நில அனுமதியையோ எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. ஆனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தீர்ப்பாயத்தின் அதிகாரப் பட்டியலில் உள்ள ஏழு சட்டங்களில் இல்லை. வன உயிரின அனுமதியை மட்டும் எதிர்ப்பதானால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத்தான் வழி. இது தெரியாமல் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, அது திரும்பி வந்த நேரத்தில் மரங்கள் விழுந்துவிட்ட ஊர் ஒன்று எனக்குத் தெரியும். அனுமதிக் கடிதம் இணையத்தில் ஏறிய அன்றே அதன் முதல் பக்கத்தை அச்செடுத்து, மேல் மூலையில் தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள். வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி அந்தத் தேதியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.